விண்வெளியில் ஈர்ப்பு இல்லையா? இயற்பியல் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

"விண்வெளியில் ஈர்ப்பு விசை கிடையாது, அதனால்தான் அங்கே எல்லாரும் மிதக்கிறார்கள்." கல்லூரிக்கு வரும்வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். 'ஜீரோ கிராவிட்டி' என்ற சொல் செய்த வேலை அது. பெயர் தெரிந்ததும் விஷயமே தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது இந்தப் பாடத்தில் பலரும் செய்யும் முதல் தவறு.

பேனாவை எடுத்து ஒரே ஒரு வரிக் கணக்குப் போட்டிருந்தால் அன்றே தெளிந்திருக்கும். புவியின் ஆரம் 6371 கி.மீ. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவது ஏறக்குறைய 400 கி.மீ. உயரத்தில். மையத்திலிருந்து தொலைவு கூடக்கூட, அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறையும். 6371-ஐ 6771-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.885. விழும் பொருளின் முடுக்கம் (வேகம் வினாடிக்கு எவ்வளவு கூடுகிறது என்பது) தரையில் 9.8 மீ/வி² என்றால் அங்கே 8.7. கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது!

அப்புறம் ஏன் மிதக்கிறார்கள்? நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு வினாடியில் 4.3 மீட்டர் விழுகிறார்கள். அதே வினாடியில் பக்கவாட்டில் 7.7 கி.மீ. ஓடியும் விடுகிறார்கள். அவ்வளவு தூரம் போவதற்குள் உருண்டைப் புவியும் அதே அளவு கீழே வளைந்துவிடுகிறது. விழுகிறார்கள், ஆனால் தரை கிட்டே வருவதில்லை.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கம் ஓட்டை போட்டு, மூடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஓட்டை வழியே பீய்ச்சி அடிக்கும். அப்படியே மாடியிலிருந்து கையை விடுங்கள் (கீழே ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு). விழும் நேரத்தில் தண்ணீர் ஓட்டை வழியே பீய்ச்சாது. போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தால் நன்றாகத் தெரியும்.

அடுத்தது, கேட்டவுடன் சரியாகப் படுகிற காரணத்தைச் சோதிக்காமல் விடுவது. 'கோடையில் சூரியனுக்குப் பக்கத்தில் போகிறோம்' என்பது அந்த வகை. உண்மையில் புவி சூரியனை மிகவும் நெருங்குவது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. ஜூலை தொடக்கத்தில் அது 15.2 கோடி. மார்கழிப் பனியில் போர்வைக்குள் சுருண்டிருக்கும்போதுதான் நாம் சூரியனுக்கு அருகில் இருக்கிறோம். பருவங்களுக்குக் காரணம் தொலைவு அல்ல, 23.5 பாகை அச்சுச் சாய்வு.

அலகு எழுதாமல் விடை எழுதும் பழக்கத்தை மதிப்பெண் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999-இல் செவ்வாயை எட்டிய நேரத்தில் தொலைந்துபோனது. ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் தந்த எண்ணை, இன்னொன்று நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். ஒளியாண்டைக் காலம் என்று எழுதுவதும் அலகைக் கவனிக்காததால் வருவதே. அது தொலைவு, ஏறக்குறைய 9.46 லட்சம் கோடி கி.மீ.

உவமையைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது இன்னொரு வம்பு. ரப்பர் விரிப்பின் நடுவே கனமான பந்து, அது ஏற்படுத்திய குழியை நோக்கி உருளும் கோலிக்குண்டு. ஈர்ப்பைக் காலவெளியின் வளைவாகப் பார்க்கும் ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலுக்கு எல்லாரும் காட்டும் படம் இது. சரி, கோலி குழிக்குள் ஏன் உருள்கிறது? விரிப்புக்குக் கீழே நம்ம புவி இழுப்பதால்! ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்கும் படம் அது. வழி காட்டுவதோடு அதை விட்டுவிட வேண்டும். அதிலிருந்து முடிவுகளை இழுத்தால் கருந்துளை விவாதம் இரவு முழுக்க நீளும், யாருக்கும் ஒன்றும் தேறாது.

கேள்வி கேட்பதிலும் சறுக்குகிறோம். "சுற்றுப்பாதை புரியல, விளக்குங்க" என்றால் ஆசிரியர் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பார். "8.7 வரை வந்துவிட்டேன், 4.3 எப்படி வந்தது?" என்றால் பாதியாக்கச் சொல்லி ஒரே நிமிடத்தில் முடித்துவிடுவார்: விழும் தூரம் அரைப் பங்கு முடுக்கம் பெருக்கல் நேரத்தின் வர்க்கம்.

அதே வாய்ப்பாட்டை நிலாவுக்கும் போட்டுப் பாருங்கள். மையத்திலிருந்து நிலா இருப்பது புவி ஆரத்தைப் போல் 60 மடங்கு தொலைவில், ஆகவே ஈர்ப்பு அங்கே 3600-இல் ஒரு பங்கு. ஒரு வினாடியில் நிலா நம்மை நோக்கி விழும் தூரம் 1.4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நியூட்டன் போட்டுப் பார்த்ததும் இந்த ஒப்பீட்டைத்தான்.