குடும்பக் குழுவுக்குப் பழைய பாடல் காணொளியைத் தேர்ந்தெடுக்கும் முறை

எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் 31 பேர் இருக்கிறோம். பாதிப் பேர் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலும், சித்தப்பா குடும்பம் கடலூர் மஞ்சக்குப்பத்திலும், ஊரில் 'சொல்தா வீடு' (பிரெஞ்சுப் படைவீரர் வீடு) என்று அழைக்கப்படும் பெரியப்பா வழியினர் பாரிஸுக்கு அருகிலும் வசிக்கிறார்கள். வாரம் ஒரு பழைய பாடல் காணொளியை அனுப்பும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. தொடக்கத்தில் நான் அனுப்பிய பாடல்களைப் பெரும்பாலோர் திறந்துகூடப் பார்க்கவில்லை. கேட்பதற்கு இனிமையான பாடலெல்லாம் பார்ப்பதற்கும் இனிமையாக இருக்கும் என்று நான் எண்ணியிருந்ததே அதற்குக் காரணம். இந்தப் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்களுக்காக, நான் இப்போது பின்பற்றும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: யார் பார்க்கப் போகிறார்கள்?

பாடலைத் தேடத் தொடங்கும் முன், குழுவில் இருப்பவர்களை ஒருமுறை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் எழுபதைக் கடந்த அத்தைக்குப் பாடலின் முதல் இசைத்துணுக்கே போதும். படத்தின் பெயரையும் பார்த்த கொட்டகையையும் சொல்லிவிடுவார். பிரான்ஸில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கோ பேச்சுத் தமிழ் புரியுமே தவிர, பாடல் வரிகள் பிடிபடுவதில்லை. இந்த இரு தரப்பையும் ஒரே நேரத்தில் நிறுத்திவைக்கக்கூடியது காட்சி ஒன்றுதான்.

இரண்டாம் படி: ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

இதுவே முக்கியமான சோதனை. காணொளியை ஓடவிட்டு, ஒலியை முழுவதுமாக அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் பாருங்கள். கை தானாகவே நிறுத்தும் பொத்தானைத் தேடினால், அந்தப் பாடல் வானொலிக்கு உரியது. அதைத் தனியாகக் கேட்டு மகிழுங்கள். மரத்தைச் சுற்றி இருவர் நடப்பதையும் பூவின் அருகே கேமரா நெருங்குவதையும் தவிர வேறொன்றும் நிகழாத பாடல்கள், இசையில் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும், குழுவில் எடுபடுவதில்லை.

இந்தச் சோதனையில் தேறும் பாடல்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படுகின்றன. முதலாவது, ஆட்டமே கதையாக அமைந்தவை. 1948இல் வெளிவந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனம் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. பிரம்மாண்டமான முரசுகளின் மேல் பெண்கள் ஆட, இறுதியில் அந்த முரசுகளுக்குள்ளிருந்தே வீரர்கள் வெளிப்படுவதைப் பார்ப்பதற்கு மொழி எதுவும் தேவையில்லை. 1958இல் வந்த 'வஞ்சிக்கோட்டை வாலிப'னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனமும் அப்படிப்பட்டதே. பி.எஸ். வீரப்பாவின் "சபாஷ், சரியான போட்டி" என்ற வசனம் அந்தக் காட்சியிலிருந்து பிறந்ததுதான் என்று தெரிந்ததும், தெருக் கிரிக்கெட்டில் அதைச் சொல்லிப் பழகிய இளைஞர்கள் வியந்துபோனார்கள்.

இரண்டாவது, கேமராவின் வித்தையைக் காட்டுபவை. 1965இல் வந்த 'திருவிளையாட'லில், கௌரிமனோகரி ராகத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய பாடலின்போது, பாடுபவரும் சிவாஜி, வீணை மீட்டுபவரும் சிவாஜி, குழலூதுபவரும் மிருதங்கம் வாசிப்பவரும் சிவாஜியே என்று ஒரே காட்சியில் அவர் பலராகத் தோன்றுகிறார். கணினி வரைகலை இல்லாத காலத்தில் இதை எவ்வாறு படமாக்கினார்கள் என்ற கேள்வியிலேயே எங்கள் குழுவில் ஒரு மாலை முழுவதும் கழிந்தது. ஒசாகாவில் நடைபெற்ற எக்ஸ்போ 70 கண்காட்சியை நேரில் சென்று படமாக்கிய 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) பாடல்களையும் இந்த வகையில் சேர்க்கலாம்.

மூன்றாவது வகை நகைச்சுவை. 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட ரவிச்சந்திரன் பாலையாவின் வீட்டெதிரே கூடாரம் அடித்து, வேலை கேட்டுப் பாடுகிறார். பாலையா ஏற்ற பாத்திரத்தின் பெயர் விசுவநாதன். படத்தின் இசையமைப்பாளர்களோ விசுவநாதன்–ராமமூர்த்தி. இந்தப் பொருத்தத்தை ஒரு வரியில் எழுதி அனுப்பினால், பாடலை நூறு முறை பார்த்தவர்களும் மறுபடியும் திறப்பார்கள்.

மூன்றாம் படி: நல்ல பிரதியைத் தேடுங்கள்

ஒரே பாடலுக்கு யூடியூபில் பத்துப் பதினைந்து பிரதிகள் கிடைக்கும். அவற்றில் பல, அகலத் திரைக்கேற்பப் பக்கவாட்டில் இழுக்கப்பட்டவை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: கதாநாயகியின் நெற்றிப் பொட்டையோ மிருதங்கத்தின் முகப்பையோ வண்டிச் சக்கரத்தையோ கவனியுங்கள். அது வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தெரிந்தால், அந்தப் பிரதியை ஒதுக்கிவிடுங்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத் திரை) படமான 'ராஜராஜ சோழன்' 1973இல்தான் வந்தது. அதற்கு முந்தைய படங்களின் சட்டம் ஏறத்தாழச் சதுரத்தை ஒட்டியே இருக்கும். எனவே திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிவது குறையன்று, சரியான பிரதியின் அடையாளம். திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டப்பட்ட பிரதிகள் நடனப் பாடல்களுக்கு அறவே உதவா. ஆடுபவரின் பாதத்தை வெட்டிவிட்டு எஞ்சியதைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

ஒலியையும் சோதியுங்கள். பழைய 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பதிய முடிந்ததால், திரையில் வந்த பாடலின் சில பகுதிகள் இசைத்தட்டில் விடுபட்டிருப்பதுண்டு. சிலர் தெளிவாக ஒலிக்கிறது என்பதற்காக இசைத்தட்டு ஒலியைப் படத்தின் மேல் ஒட்டிவிடுவார்கள். அப்போது உதடும் குரலும் விலகிப்போகும். புதிதாக மேளமும் அதிர்வும் சேர்த்த பிரதிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. உரிமை பெற்ற நிறுவனங்கள் வெளியிட்ட பிரதி கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சில காணொளிகள் எல்லா நாட்டிலும் திறப்பதில்லை என்பதால், வெளிநாட்டு உறவினர் ஒருவருக்கு முன்னதாகத் தனியே அனுப்பிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நான்காம் படி: கடைசி நொடி வரை பாருங்கள்

இன்னொரு அத்தையின் கணவரது அறுபதாம் கல்யாணத்தன்று மகிழ்ச்சியான பாடல் ஒன்றை, பாதி மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினேன். பாடல் முடிந்த கையோடு, பதிவேற்றியவர் வெட்ட மறந்த அடுத்த காட்சியில், கதாநாயகன் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். மாமாவே சிரித்துச் சமாளித்ததால் பிழைத்தேன். அதேபோல, பெண்ணை வழிமறித்துச் சீண்டுவதும் ஒருவரின் நிறத்தையோ உடலையோ கேலி செய்வதும் பழைய பாடல்கள் பலவற்றில் இயல்பாக வந்துபோகும். கேட்கும்போது நினைவுக்கு வராத இவை, பார்க்கும்போது குழந்தைகள் நடுவில் சங்கடத்தை உண்டாக்கும்.

ஐந்தாம் படி: அனுப்பும் முறை

காணொளியைக் கோப்பாக அனுப்பாதீர்கள். படத்தின் தெளிவு குறைவதோடு, முதியவர்களின் கைபேசியில் இடமும் நிரம்பிவிடும். இணைப்பை மட்டும் அனுப்புங்கள். பாடலுக்கு முன் நீண்ட வசனம் இருந்தால், கணினியில் யூடியூபின் பகிர்வுப் பெட்டியைத் திறந்து, தொடக்க நேரத்தைக் குறிக்கும் கட்டத்தைத் தேர்வு செய்தால், இணைப்பு நேரே பாடலில் தொடங்கும். அதனுடன் படம், ஆண்டு, கவனிக்க வேண்டிய ஒரு காட்சி ஆகியவற்றை மட்டும் இரண்டு வரியில் எழுதுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, தூர்தர்ஷனின் 'ஒளியும் ஒலியும்' பழக்கத்தில் வெள்ளி மாலையைத்தான் முதலில் தேர்ந்தெடுத்தேன். பாரிஸ் நேரம் நமக்குக் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்தங்கியிருப்பதால், அங்கே அப்போது எல்லோரும் வேலையில் இருந்தார்கள். இப்போது ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அனுப்புகிறேன். இங்கே கடற்கரைச் சாலைக்குக் கிளம்புபவர்களும் அங்கே மதிய உணவு முடித்தவர்களும் பார்த்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருக்கும் நாட்களில் மட்டும் பாடல் கிடையாது. 2011இல் தானே புயலைக் கண்ட கடலூர்க்காரர்களுக்கு, அந்த நாட்களில் குழுவில் வர வேண்டிய செய்தி வேறு.

அனுப்பியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு என் ஏட்டைப் புரட்டியபோது, பன்னிரண்டில் ஒன்பது எம்.ஜி.ஆர். பாடல்களாக இருந்தன. அடுத்த ஞாயிறு தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, சிவாஜி ரசிகரான சித்தப்பாவிடம் கொடுத்திருக்கிறேன்.