லேசர் அச்சுக்குக் கடதாசி எடுக்கும்போது நாம் விடும் பிழைகள்

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு (இறந்தவரின் நினைவு மலர்) அடிக்க வேண்டும் என்று வெள்ளவத்தையில் உள்ள என் கடைக்கு ஒருவர் வந்தார். தாயாரின் படம் அட்டையில் தெளிவாக விழ வேண்டும் என்று, மினுங்கும் போட்டோத் தாளையும் வாங்கி வந்திருந்தார். நான் வெளியே போயிருந்த நேரம்; புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி அந்தத் தாளை லேசர் இயந்திரத்தில் வைத்துவிட்டார். முதல் தாளே வெளியே வரவில்லை. நான் வந்து பின்கதவைத் திறந்தபோது சூட்டு உருளையில் அது தோல்போலச் சுற்றி ஒட்டியிருந்தது. அந்த அம்மாவின் முகத்தில் பாதி உருளையோடு போய்விட்டது.

அது இங்க்ஜெட்டுக்குச் செய்த தாள். இங்க்ஜெட் தெளிப்பது திரவ மை. அதை உறிஞ்சுவதற்கென்றே அந்தத் தாளுக்கு மேலே ஒரு பூச்சு இருக்கிறது. லேசரின் டோனரோ நுண்ணிய பிளாஸ்டிக் தூள். மின்னேற்றம் அதைத் தாளுக்கு இழுக்கிறது. பிறகு ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் சூட்டில் உருளைகளுக்கு நடுவே உருகி அது இழையில் பதிகிறது. இங்க்ஜெட் தாளின் பூச்சு அந்தச் சூட்டைத் தாங்காமல் இளகிவிடும். மினுமினுப்பு வேண்டுமென்றால் லேசருக்கென்று உறையில் அச்சிட்ட தாளையே கேட்டு வாங்குங்கள். தங்கநிறத் தகடு பதித்த கல்யாண அழைப்பிதழில் விருந்தினர் பெயரை லேசரில் அடிப்பதும், பாதி உரித்தெடுத்த ஸ்டிக்கர் தாளை மறுபடி உள்ளே விடுவதும் இதே வகைப் பிழைகள்தான்.

ஆனாலும் எங்கள் நகரத்தில் அதிகத் தாளைக் கெடுப்பது ஈரம். கொழும்பின் சாரீரப்பதன், அதாவது காற்றிலுள்ள ஈரத்தின் அளவு, ஆண்டின் பெரும்பகுதியும் 70 வீதத்துக்கு மேலேயே நிற்கிறது. கடதாசிக்கு உகந்தது 40 முதல் 60 வீதம் வரை. உறை பிரித்த ரீமை (500 தாள் கட்டை) மேசையில் திறந்தபடி இரண்டு மூன்று மழை நாள்கள் விட்டுப் பாருங்கள்: ஓரங்கள் அலையலையாக எழும்பும், தாளை விரலால் சுண்டினால் வரும் சலசலப்பு மந்தமாகும். ஈரத்தாள் மின்னேற்றத்தைத் தக்கவைக்காமல் கசியவிடுகிறது. எழுத்து வெளிறிப்போகிறது, கறுப்புப் பரப்பில் வெள்ளைத் திட்டுகள் விழுகின்றன, தாள் சுருண்டு சிக்குகிறது. டோனர் முடிந்துவிட்டது என்று நினைத்துப் புதிய கார்ட்ரிட்ஜுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதே ஈரத்தாளை மறுபடி தட்டில் அடுக்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. முதலில் உறை பிரிக்காத கட்டிலிருந்து பத்துத் தாள் எடுத்து அடித்துப் பாருங்கள். அச்சடிக்கும்போது வெளியேறும் வாயிலில் மெல்லிய ஆவி எழுந்தால் சந்தேகமே வேண்டாம், அது தாளிலிருந்த நீர்தான்.

ரீமின் உறை வெறும் பொதிதாள் அன்று, ஈரம் புகாத மறைப்பு அது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தை உறையோடு மடித்து மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். சீமெந்துத் தரையில் அடுக்க வேண்டாம். கீழே ஒரு பலகையாவது இருக்கட்டும். வெக்கையான களஞ்சியத்திலிருந்து குளிரூட்டிய அறைக்குக் கொண்டுவந்த கட்டை உடனே பிரிப்பதும் தவறு. ஒரு நாள் உறையோடு கிடந்தால் தாள் அறைக்குப் பழகிவிடும்.

வாங்கும்போது விடும் பிழை வேறு. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. அந்த நாள்களில் கையில் கிடைத்ததை வாங்கினோம், வேறு வழியில்லை. இன்றும் விலையையும் வெண்மையையும் மட்டும் பார்த்து வாங்குபவர்கள் பலர். வெண்மை தாளின் தரத்தைச் சொல்லாது. கட்டின் ஓரத்தைக் கறுப்புத் துணியில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் தூள் படிந்தால், அதே தூள் தாளை இழுக்கும் ரப்பர் உருளையிலும் படியும். சில மாதங்களில் உருளை வழுக்கத் தொடங்கும்.

தடிப்புக்கு நான் நம்புவது தராசைத்தான். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 500 தாள் கொண்ட ரீம் 2.5 கிலோ. 70 ஜிஎஸ்எம் என்றால் 2.2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உறையில் 80 என்றிருந்தும் தராசு 2.2 காட்டினால், தாள் மெலிந்தது அல்லது எண்ணிக்கை குறைந்தது. புறக்கோட்டையில் மொத்தமாக வாங்குபவர்கள் ஒரு கட்டையாவது நிறுத்துப் பார்க்க வேண்டும். அன்றாட வேலைக்கு 80 போதும். மிக மெலிந்த தாள் இரண்டு இரண்டாக உள்ளே போகும். தடித்த அட்டையைத் தட்டில் வைக்காமல் கைவழியாகக் கொடுத்து, பின்கதவைத் திறந்து நேராக வெளியேறவிட வேண்டும்.

கடைசியாக, புதுக்கடைப் பக்கம் காணி உறுதி தயாரிப்பவர்களுக்கு ஒன்று. உறுதி பல பத்தாண்டுகள் இருக்க வேண்டிய ஆவணம். கனதியாகத் தெரியட்டும் என்று நெசவுபோல் மேடுபள்ளம் உள்ள தடித்த பொண்ட் தாளை எடுத்து, இயந்திரத்தின் தாள்வகை அமைப்பைச் சாதாரணத் தாளிலேயே விட்டு அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சூடு போதாது, பள்ளங்களில் டோனர் உருகிப் பதியாது. நாலாக மடித்த உறுதியில் காணியின் பரப்பைச் சொல்லும் பேர்ச்சஸ் கணக்கு மடிப்பில் விழுந்தால், சில ஆண்டுகளில் இலக்கம் உதிர்ந்துவிடும். வழவழப்பான தாளை எடுங்கள். அமைப்பில் தடித்த தாள் என்று தெரிவு செய்யுங்கள். முதல் பிரதி ஆறியதும் ஓர் எழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள், பிறகு அந்த இடத்தில் தாளை மடித்து விரியுங்கள். விரலில் கறுப்பு ஒட்டினாலோ மடிப்பில் எழுத்து வெடித்தாலோ, மற்றப் பிரதிகளை அந்தத் தாளில் அடிக்க வேண்டாம்.