பெட்டி மாவில் சொக்லேட் துளைக் கேக்

கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சூட்கேசில் வந்து இறங்கும் கேக் மிக்ஸ் பெட்டிகள் பல வீடுகளில் அலுமாரி மேல்தட்டிலேயே திகதி முடிந்து போகின்றன. பெட்டியின் பின்பக்கம் பரனைற், அவுன்ஸ், 'லார்ஜ்' முட்டை என்று வேறொரு நாட்டுக் குசினிக்கு எழுதியிருப்பதும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பெட்டியில் பயமில்லாமல் தொடங்கக்கூடியது, சுட்ட கேக்கில் துளை போட்டுக் கஸ்ரட் ஊற்றும் துளைக் கேக். நடுவில் வெடித்தாலும், கொஞ்சம் உலர்ந்தாலும், மேலே விடும் கஸ்ரட் அதைச் சரிக்கட்டிவிடும். கவனமாக இருக்கவேண்டியது துளை போடும்போதும் கிறீம் அடிக்கும்போதும்தான்.

வேண்டியவை: சொக்லேட் கேக் மிக்ஸ் 1 பெட்டி, அதற்குப் பெட்டியில் சொன்ன முட்டை, எண்ணெய், தண்ணீர். கஸ்ரட்டுக்குப் பால் 500 மி.லீ., கஸ்ரட் பவுடர் மட்டமாக 2 மேசைக்கரண்டி, ரின்பால் (இனிப்புக் கட்டிப்பால்) அரைப் பேணி, ஏறக்குறைய 200 கிராம். மேலே பூச விப்பிங் கிறீம் 300 மி.லீ., ஐசிங் சீனி 2 மேசைக்கரண்டி, பால்மா 2 மேசைக்கரண்டி. ஓரியோ மாதிரிக் கறுப்புக் கிறீம் பிஸ்கற் 24.

முதலில் பெட்டியின் நிறையைப் பாருங்கள். பழைய குறிப்புகள் பல 432 கிராம் பெட்டிக்கு எழுதியவை; இப்போது 375 கிராம் பெட்டிகளும் வருகின்றன. கையில் இருக்கும் பெட்டியில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். 'லார்ஜ்' முட்டை என்பது கோது இல்லாமல் 50 கிராம். ஊர்க்கோழி முட்டை அதைவிடச் சிறிது, 3 என்று போட்டிருந்தால் 4 உடைக்கலாம். முட்டை சேர்க்காத வீட்டில் ஒரு முட்டைக்குக் கால் கப் புளிக்காத கட்டித் தயிர் விடுங்கள். பஞ்சுத்தன்மை கொஞ்சம் குறையும், ஆனால் இந்தக் கேக்கில் அது பெரிதாகத் தெரியாது.

எண்ணெய் என்றவுடன் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுக்கவேண்டாம். இது பிரிட்ஜில் வைத்துச் சாப்பிடும் கேக். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், கேக்கும் கல்லுப்போல இறுகும். சூரியகாந்தி எண்ணெய் அல்லது சோயா எண்ணெய் நல்லது. தண்ணீருக்குப் பதில் ஆறின வெறுங்கோப்பி விட்டால் சொக்லேட் ருசி எடுத்துக்காட்டும். மல்லி, சுக்குப் போட்டு இடித்த வீட்டுக் கோப்பித்தூள் மட்டும் வேண்டாம், கேக் மல்லித்தண்ணி மணக்கும்.

350 பரனைற் என்றால் 177 செல்சியஸ். ஓவனை 180இல் வைத்து 10 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். பெட்டியில் சொல்லும் 9×13 அங்குலத் தட்டு மேசை ஓவன்கள் பலவற்றுக்குள் போகாது. 8 அங்குலச் சதுரத் தட்டு இரண்டில் பிரித்து ஊற்றினால் கிட்டத்தட்ட அதே பரப்பு. ஒன்றாக வைக்க இடமில்லாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கலாம். தட்டுக்கு எண்ணெய் பூசினால் போதும், கேக்கைக் கவிழ்க்கப் போவதில்லை. 25ஆம் நிமிடம் நடுவில் ஈர்க்கால் குத்திப் பாருங்கள். ஈர மாவு ஒட்டக்கூடாது, ஓரிரு துகள் ஒட்டினால் பரவாயில்லை. கரண்டின் வலு குறைந்திருக்கும் நேரம் என்றால் ஓவன் மெதுவாகத்தான் சூடேறும், ஈர்க்கு சொல்வதை நம்புங்கள், மணிக்கூட்டை அல்ல.

இனித் துளை. கேக்கை வெளியே எடுத்து 15 நிமிடம் விடுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குத்தினால் கேக் கரண்டிக் காம்போடு ஒட்டிப் பிய்ந்து வரும். நன்றாக ஆறவிட்டால் கஸ்ரட் உள்ளே ஊறாமல் மேலேயே நிற்கும். முள்ளுக்கரண்டித் துளை கஸ்ரட்டுக்குக் காணாது. அகப்பைக் காம்பு அல்லது மரக்கரண்டிக் காம்பு, ஏறக்குறைய சுண்டுவிரல் மொத்தம், அதுதான் அளவு. ஓர் அங்குலத்துக்கு ஒரு துளை. நேராக இறக்கி, மெல்லத் திருகி எடுங்கள். ஒவ்வொரு முறையும் காம்பை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் ஒட்டின துகள் அடுத்த துளையைக் கிழிக்கும். ஆழம் முக்கால்வாசி. அடிவரை குத்தினால் கஸ்ரட் முழுக்கக் கீழே தங்கி, அடித்துண்டு களியாகும்.

கேக் ஓவனில் இருக்கும்போதே கஸ்ரட்டைத் தொடங்கிவிடலாம். பிஸ்கற்றில் 10ஐப் பிரித்து வெள்ளைக் கிறீமைக் கத்தியால் வழித்து எடுங்கள். கஸ்ரட் பவுடரைக் கால் கப் குளிர்பாலில் கட்டியில்லாமல் கரையுங்கள். மிச்சப் பாலையும் ரின்பாலையும் சூடாக்கி, கரைசலை விட்டு, அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே கொதிக்க வைத்து 1 நிமிடத்தில் இறக்குங்கள். வழித்த வெள்ளைக் கிறீமை அந்தச் சூட்டிலேயே போட்டால் கரைந்துவிடும். பதம் ஆடிக்கூழை விடக் கொஞ்சம் தண்ணியாக இருக்கவேண்டும். பிஸ்கற் தூளைக் கஸ்ரட்டுக்குள் கலந்துவிடாதீர்கள், துளை வாயை அடைத்துவிடும்.

கஸ்ரட் ஆடை படிந்தாலும் அதே கதைதான், ஆகவே இடையிடையே கிண்டி, கைச்சூட்டில் இருக்கும்போதே ஊற்றுங்கள். வாய் கூரான ஜக்கால் ஒவ்வொரு துளையாக முதலில் பாதியை விட்டு, 5 நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தை மேலே பரவலாக ஊற்றுங்கள். தட்டை மேசையில் இரண்டு தரம் மெல்லத் தட்டினால் காற்றுக்குமிழ் வெளியேறி, கஸ்ரட் இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஆறினதும் மூடி, பிரிட்ஜில் 4 மணித்தியாலம்.

(சூட்கேசில் இன்ஸ்ரன்ற் புடிங் பக்கெட்டும் வந்திருந்தால் அதைக் காய்ச்சக்கூடாது. குளிர்பாலில் அடித்து, இறுகமுதல், 2 நிமிடத்துக்குள் ஊற்றிவிடவேண்டும்.)

சித்திரை வெயிலில் கிறீம் அடிப்பது சும்மா வேலையில்லை. சட்டி, பீற்றர் கம்பி, கிறீம் மூன்றும் நன்கு குளிர்ந்திருக்கவேண்டும். சட்டியை ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து அடியுங்கள். கொழுப்பு 30 வீதத்துக்குக் குறைந்த கிறீம் எழும்பாது, வீட்டுப் பாலாடையும் உதவாது. ஐசிங் சீனியோடு பால்மாவையும் சேர்த்தால் கிறீம் கூட நேரம் நிற்கும். இதற்கு ஜெலற்றின் போடச் சொல்வார்கள். பெரும்பாலும் மாட்டில் அல்லது பன்றியில் எடுப்பது என்பதால் சைவ வீடுகளுக்குப் பால்மாவே சரி. பீற்றரைத் தூக்கும்போது முனை சாயாமல் நின்றவுடன் நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் திரைந்து, பட்டர் ஆகத் தொடங்கும்.

கிறீம் எடுத்த 10 பிஸ்கற்றின் கறுப்பு ஓடுகளைக் கையால் நொறுக்கிக் கிறீமோடு நாலைந்து தரம் மட்டும் பிரட்டுங்கள். மிக்ஸியில் தூளாக்கினால் கிறீம் சீமெந்துக் கலவை நிறத்துக்கு வந்துவிடும். குளிர்ந்த கேக்கில் பூசி இன்னும் ஒரு மணித்தியாலம் வையுங்கள். மேலே போட 12 பிஸ்கற் போதும். மிச்சம் 2 பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு. அந்த 12ஐயும் பரிமாறும்போதுதான் உடைத்துத் தூவவேண்டும். முதல்நாளே தூவினால் நமுத்துப்போகும்.

கத்தியைச் சுடுதண்ணீரில் தோய்த்துத் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் அப்படியே செய்யுங்கள். முதல் துண்டை மூலையில் இருந்து எடுங்கள், அது உடையத்தான் செய்யும். வெளியே 2 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கவேண்டாம், 32 பாகைக்கு மேல் வெக்கை என்றால் 1 மணித்தியாலம்தான். கரண்ட் நின்றால் பிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள். பிரிட்ஜில் மூடி வைத்தால் 3 நாள் நிற்கும். இரண்டாம் நாள் ருசி இன்னும் திறம்.