மார்கழிக் குளிரில் அடைக்கும் சிங்க் குழாய்: ஏற்காட்டுப் பழைய வீடுகளுக்கான செய்முறை

ஏற்காட்டில் எவ்வளவு குளிர்ந்தாலும் குழாய்க்குள் தண்ணீர் உறைவதில்லை. உறைவது எண்ணெய். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகத் தொடங்கிவிடும். நெய், வனஸ்பதி, ஆட்டுக்கறிக் கொழுப்பு எல்லாமே அந்த ரகம்தான். கீழே சேலத்தில் பகல் வெயிலில் இளகி ஓடிவிடுகிற அதே எண்ணெய், 1,500 மீட்டர் உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டிப் போகும் குழாயில் மெழுகு மாதிரி படிந்து நிற்கும். அதன்மேல் காபித்தூள் சக்கையும் சோற்றுப் பருக்கையும் ஒட்ட ஒட்ட, இரண்டு அங்குலக் குழாய் விரல் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடும்.

உடனே எல்லோரும் செய்வது, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைக் கவிழ்ப்பது. அடைப்பு விட்ட மாதிரிதான் இருக்கும். உருகிய கொழுப்பு பத்தடி தள்ளி, இன்னும் குளிர்ந்த இடத்தில், கைக்கு எட்டாத இடத்தில் மறுபடி உறைந்துகொள்ளும். எனவே முதலில் சுரண்டி வெளியே எடுங்கள். வெந்நீர் கடைசி வேலை.

தேவையானவை: ரப்பர் கையுறை, இரண்டு பக்கெட், 5 மீட்டர் நீள டிரெயின் ஸ்பிரிங் (குழாய்க்குள் விட்டு அடைப்பெடுக்கும் வளையும் கம்பிச்சுருள், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்), பழைய கரண்டி, பழைய கம்பி வலை ஒரு துண்டு, பாத்திரம் கழுவும் திரவம், சிங்க் ஓஸுக்குப் புது வாசர் ஒன்று.

1. அடைப்பு எங்கே என்று பாருங்கள்

வெளியே இருக்கும் சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டி) மூடியைத் திறந்து வையுங்கள். தீக்குச்சி, பீடி எதுவும் அருகில் வேண்டாம். தலையை உள்ளே விட்டுப் பார்க்கவும் கூடாது. சிங்க் நிறைந்து நிற்க, சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு இரண்டுக்கும் இடையில். சேம்பரும் நிரம்பி, குளியலறையிலும் தண்ணீர் தேங்கினால் அடைப்பு அதற்கு அப்பால். சிங்க்கைக் கழற்றிப் பயனில்லை. காலையில் தேங்கி, வெயில் ஏறியபின் மெதுவாக இறங்கினால் பெரும்பாலும் எண்ணெய்தான்.

2. தேங்கிய தண்ணீரை மொண்டு எடுங்கள்

3. ஓஸைக் கழற்றுங்கள்

அடியில் பக்கெட் வைத்துவிட்டு, சிங்க்குக்குக் கீழே உள்ள நட்டைக் கையால் திருகுங்கள். பழைய வீடுகளில் வளைவு வளைவான பிளாஸ்டிக் ஓஸ் தொய்ந்து தொங்கும். அந்தத் தொய்வில்தான் முதல் கொழுப்பு சேரும். வெளியே கொண்டுபோய்க் கழுவுங்கள். திரும்ப மாட்டும்போது புது வாசர் போட்டு, கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை வெடித்துவிடும்.

4. ஸ்பிரிங்கை வெளியிலிருந்து விடுங்கள்

சிங்க் பக்கமிருந்து குத்தினால் அடைப்பு இன்னும் உள்ளே போகும். சேம்பர் பக்கமிருந்து மேல்நோக்கி விட்டால், உடைந்த கட்டி உங்கள் பக்கமே விழும். சேம்பரிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயில் முதலில் கம்பி வலையைச் சொருகிவிடுங்கள். ஸ்பிரிங்கை வலப்பக்கமாகவே திருகிக்கொண்டு தள்ளுங்கள். இழுக்கும்போதும் அதே பக்கம் திருக வேண்டும். மாற்றித் திருகினால் ஸ்பிரிங் பிரிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். எல்போவில் (குழாய் திரும்பும் வளைவில்) தடுத்தால் முட்டாதீர்கள், அரையடி பின்னே இழுத்துத் திருகி மறுபடி விடுங்கள்.

இரும்புக் கம்பியால் குத்துவது பழைய வீட்டில் பெரிய ஆபத்து. மண்ணுக்குள் போவது ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாயாக இருந்தால் சிமென்ட் இணைப்பு பிளந்துவிடும். ஸ்பிரிங் நுனியில் வேரோ செம்மண்ணோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். குழாய் ஏற்கெனவே உடைந்திருக்கிறது. தோண்டித்தான் ஆக வேண்டும்.

5. கொழுப்பை அள்ளுங்கள்

சேம்பரில் விழுந்த கட்டிகளைக் கரண்டியால் அள்ளிப் பழைய செய்தித்தாளில் கட்டிக் குப்பையில் போடுங்கள். சோம்பலில் அப்படியே விட்டால் உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் குழாய் அடைப்பு ஒன்றுமேயில்லை.

6. இப்போது வெந்நீர்

கொதிநீரை நேராக ஊற்றக் கூடாது. பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் இளகும், இணைப்பு நெளியும். குளிர்ந்த ஸ்டோன்வேர் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் கணக்கு எளிது: 5 லிட்டர் கொதிநீர், 5 லிட்டர் குழாய்த் தண்ணீர். கலந்தால் ஏறக்குறைய 55 டிகிரி. இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, பாதியை ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து மீதி. சேம்பரில் மிதந்து வருவதையும் அள்ளிய பிறகே வலையை எடுங்கள்.

காஸ்டிக் சோடா போடலாமா என்றால், எங்கள் பதில் வேண்டாம் என்பதே. கொழுப்போடு சேர்ந்து சோப்பாகி, குளிரில் இன்னும் கெட்டியான கட்டியாக நிற்கும், அலுமினியத்தையும் அரிக்கும். அது வேலை செய்யவில்லை என்று அதன்மேல் ஆசிட் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

மறுபடி அடைக்காமலிருக்க

வாணலியைக் கழுவுமுன் செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். பாதி நோய் அதிலேயே தீரும். காபித்தூள் சக்கை செடிக்குப் போகட்டும். கார்த்திகை முதல் மாசி வரை வாரம் ஒருமுறை 5 லிட்டர் வெந்நீர் மேற்சொன்ன கலவையில்.

இத்தனைக்குப் பிறகும் அடைத்தால் வாட்டம் போதவில்லை என்று அர்த்தம். பத்தடி நீளத்துக்கு மூன்று அங்குலம் இறங்க வேண்டும். மாற்றுவதாக இருந்தால் 75 மில்லிமீட்டர் பிவிசி போடச் சொல்லுங்கள். 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்டு, திருப்பத்தில் ஒரு டோர் டீ (திறந்து சுத்தம் செய்ய மூடி வைத்த இணைப்பு). டோர் டீயின் மூடி சுவரைப் பார்க்காமல் வெளியே பார்த்திருக்கிறதா என்று பிளம்பர் கிளம்புமுன் பாருங்கள். சுவர்ப்பக்கம் இருந்தால் அடுத்த மார்கழியில் திறக்கவே முடியாது.