சயாட்டிகா வலிக்குக் கைரோபிராக்டிக்: என் அனுபவம்

சயாட்டிகா என்பது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி. எனக்கு இடது பிட்டத்தில் கிளம்பி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கால் சுண்டுவிரல் வரை சுரீரென்று இழுக்கும். தும்மினால் உயிரே போகும். எம்ஆர்ஐ எடுத்ததில் முதுகெலும்பின் அடியில், எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவது தெரிந்தது. ஆபரேஷனுக்கு அவசரமில்லை என்று எலும்பு டாக்டர் சொன்ன பிறகுதான் முதுகெலும்புக்குக் கையால் சிகிச்சை தரும் கைரோபிராக்டரிடம் போனேன்.

வீடியோக்களில் வருவது போல அவர் எடுத்தவுடன் முதுகில் நெட்டி முறிக்கவில்லை. ஸ்கேனைப் பார்த்தார், காலை நேராகத் தூக்கிப் பார்த்தார், ஒற்றைக் காலில் நுனி ஊன்றி நிற்கச் சொன்னார். அப்புறம் நடுவில் மடங்கும் மேசையில் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பை மெல்ல மெல்ல இழுத்து விட்டார். வீட்டில் செய்ய மெக்கன்சி பயிற்சி: குப்புறப் படுத்துக் கையூன்றி மார்பை மட்டும் தூக்குவது. சில வாரங்களில் வலி பாதத்தை விட்டு மேலேறி இடுப்போடு நின்றது. அது நல்ல அறிகுறியாம்.

முழுப் பெருமையும் அவருக்கல்ல. பிதுங்கிய டிஸ்க்கைக் கையால் உள்ளே தள்ள முடியாது. பலருக்கு உடலே அதை நாளடைவில் சுருக்கிவிடும். எனக்கு, அதுவரை நடமாட முடிந்ததே பெரிய விஷயம்.

சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ கைரோபிராக்டரிடம் போகாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிதான்.