வேலையில் அடிபட்டால் செய்யக் கூடாத தவறுகள்

கை கிழிந்து ரத்தம் கொட்டும்போது யாருக்கும் சட்டம் ஞாபகம் வராது. வரவும் வேண்டாம், முதலில் சிகிச்சை. ஆனால் இழப்பீடு சிக்கலில்லாமல் வருமா, இழுபறியாகுமா என்பது பெரும்பாலும் அடுத்த இரண்டு மூன்று நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது. எழுதி வைக்க வேண்டியதை எழுதி வைக்கும் நாட்கள் அவைதான். அவசரத்திலும் கூச்சத்திலும் நாம் கோட்டை விடுவதும் அப்போதுதான்.

"என் தப்புதான், எந்த முகத்தோடு போய்க் கேட்பது?" என்பார்கள் பலர். அடிபட்டவரே தன் கோரிக்கையைத் தள்ளுபடி செய்துவிடுகிறார்! தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் பிறந்ததே இந்தக் கேள்வியை ஓரங்கட்டத்தான். அதற்கு முன்பு, முதலாளியின் அலட்சியத்தைத் தொழிலாளியே நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. முதலாளி பக்கம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும்: நீயும் கவனமாக இல்லை, உன்னோடு வேலை செய்தவன்தான் காரணம், ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய். ஜெர்மனி 1884-லும் பிரிட்டன் 1897-லும் கொண்டுவந்த சட்டங்கள் வேறு வழியைத் திறந்தன. வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டதா என்பதே முக்கியமானது. கொஞ்சம் கவனம் சிதறியது என்பதற்காக மட்டும் உரிமை போய்விடாது. வேண்டுமென்றே காயப்படுத்திக்கொள்வது, போதையில் வேலை செய்வது போன்றவை பல நாடுகளில் விதிவிலக்குகள். இதில் ஒரு கொடுக்கல் வாங்கலும் உண்டு. யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை என்பதற்கு ஈடாக, பல இடங்களில் முதலாளி மீது தனியாகப் பெரிய தொகைக்கு வழக்குப் போடும் உரிமை கட்டுப்படுத்தப்பட்டிருக்கும்.

அடுத்தது, "சின்ன அடிதானே" என்று விட்டுவிடுவது. இடுப்பில் லேசாகப் பிடித்த மாதிரி இருக்கும். ஷிப்டை முடித்து வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தால் மறுநாள் குனிய முடியாது. பத்து நாள் கழித்துச் சொன்னால், "இது இங்கேதான் நடந்தது என்று எப்படி நம்புவது?" என்ற கேள்வி வரும், அதில் ஓரளவு நியாயமும் இருக்கும். அன்றே சொல்லுங்கள். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னது மட்டும் போதாது. அவர் மறக்கலாம், மாற்றலாகிப் போகலாம். விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அது இல்லாத இடம் என்றால் மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பலாம். தேதி, நேரம், இடம், செய்துகொண்டிருந்த வேலை, பார்த்தவர்கள் யார் என்பது இருந்தால் போதும். காரணத்தை ஊகித்து எழுத வேண்டாம். வலிக்கிற எல்லா இடத்தையும் குறிப்பிடுங்கள். கைதான் பெரிய காயம் என்று அதை மட்டும் எழுதிவிட்டால், முழங்கால் வீங்கும்போது அது வேறு கதையாகிவிடும்.

இருப்பதிலேயே மோசமான தவறு என்று நான் நினைப்பது டாக்டரிடம் பொய் சொல்வதைத்தான். "வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிடு, செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது அன்பாகவே சொல்வார்கள். முதல் பில்லையும் கட்டிவிடுவார்கள். சரி, இரண்டாவது அறுவை சிகிச்சை என்று வந்தால்? முதல் நாள் டாக்டர் எழுதும் குறிப்பில் எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று இருக்கும். பின்னால் எல்லோரும் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான். அதை மாற்றுவது மிகக் கடினம். பழைய காயம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். பழைய வலியை வேலை மோசமாக்கியிருந்தால் அதுவும் பல சட்டங்களில் கணக்கில் வரும். மறைத்தது வெளியே வந்தால்தான் நம்பிக்கை போகும்.

விபத்து என்றாலே கண்ணுக்குத் தெரிகிற காயம் என்று நினைத்துக்கொள்கிறோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 29 லட்சம் பேர் வேலை தொடர்பான காரணங்களால் இறக்கிறார்கள். அதில் விபத்துகளால் இறப்பவர்கள் சுமார் 3.3 லட்சம்தான், மீதி எல்லாம் நோய்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசி உண்டாக்கும் புற்றுநோய் தெரியவரவே 20, 30, 40 ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் கம்பெனியே மூடியிருக்கும். அதனால் பழைய சம்பளச் சீட்டு, நியமன உத்தரவு எதையும் எடைக்குப் போடாதீர்கள். காது விஷயமும் இப்படித்தான். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் 85 டெசிபெலைத் தாண்டியிருக்கலாம். நாள்தோறும் 8 மணி நேரம் அதில் நின்றால் கேட்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். காதடைப்பான் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நிர்வாகம் நினைப்பதும் தவறுதான். பாதுகாப்பு முறைகளின் வரிசையில் அது கடைசிப்படி. ஆபத்தையே அகற்றுவது, மாற்று இயந்திரம், தடுப்பு எல்லாம் அதற்கு முன்பே வர வேண்டியவை.

கண்ணெதிரே ஆபத்து தெரிந்தும் "வேலை போய்விடுமே" என்று உள்ளே இறங்குவதும் உண்டு. உயிருக்கு உடனடியான, கடுமையான ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதே ஐ.எல்.ஓ.வின் 1981-ம் ஆண்டு 155-வது உடன்படிக்கை சொல்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய உரிமை. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் தனக்கு எதுவும் கிடைக்காது என்று ஒதுங்குவதற்கு முன்பும் ஒரு முறை விசாரியுங்கள். பல சட்டங்களில் கான்ட்ராக்டருக்கு வேலை கொடுத்த பெரிய நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு.

அப்புறம், வேலைக்குத் திரும்புவது. "லைட் டியூட்டி" என்ற பொதுவான வார்த்தையை நம்பிப் போகாதீர்கள். எத்தனை கிலோ தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதை மீறிய வேலையை மரியாதைக்காகச் செய்து மறுபடி அடிபட்டால், இது எந்தக் காயம் என்பதே சர்ச்சையாகும்.

கடைசியாகக் கையெழுத்து. வெற்றுத்தாளில் போடவே வேண்டாம். "முழுமையான, இறுதியான" தீர்வு என்று எழுதியிருந்தால், பின்னால் வரும் சிகிச்சைச் செலவையும் நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேளுங்கள். நிரந்தர ஊனம் எவ்வளவு என்பதைக் காயம் ஆறி உடல்நிலை ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் சரியாக அளக்க முடியும். மாவுக்கட்டு பிரிப்பதற்கு முன்பே நீட்டப்படும் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவகாசம் கேளுங்கள். தர மறுத்தால், தொழிற்சங்கத்திலோ சட்ட உதவி மையத்திலோ காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.