சிவந்த மஞ்சளும் திரும்பி வரும் கறையும்: கார்பெட் சுத்தம் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோன்புக் கஞ்சி சிந்திய இடத்தில் சலவைத்தூளைக் கரைத்து ஊற்றினால் மஞ்சள் திட்டு சட்டென்று சிவக்கும். வீட்டுக்காரர் பதறுவார், சுத்தம் செய்ய வந்தவரும் கை நடுங்கி இன்னும் வேகமாகத் தேய்ப்பார். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்ந்தால் நடப்பதுதான் இங்கேயும் நடந்திருக்கிறது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின், சலவைத்தூளிலும் சுண்ணாம்பிலும் உள்ள காரம் பட்டால் சிவக்கும். வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு கலந்து ஒற்றினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பிவிடும்.

ஆனால் அந்த மஞ்சள் அப்படியேதான் இருக்கும். குர்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை எனலாம்; எண்ணெயிலும் ஸ்பிரிட்டிலும்தான் கரையும். அதனால் வரிசை முக்கியம். முதலில் கஞ்சி நன்றாகக் காயட்டும். கரண்டி விளிம்பால் பருக்கையைச் சுரண்டி வாக்குவம் போடுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்டு எண்ணெய்ப் பசையை எடுத்து, நல்ல தண்ணீரால் அலசி உறிஞ்சுங்கள். பிறகு சர்ஜிகல் ஸ்பிரிட்டை வெள்ளைத் துணியில் நனைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். துணியில் மஞ்சள் ஏறுவது நின்ற பிறகுதான் ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் பெரும்பாலும் 6 சதவீதத்தில் கிடைக்கும். சம அளவு தண்ணீர் சேர்த்து 3 சதவீதமாக்கி, மூலையில் சோதித்த பிறகே போட வேண்டும். அப்படியும் மிஞ்சும் சாயலை வெயில் மங்கவைக்கும். எடுத்துப் போடக்கூடிய செயற்கை இழை விரிப்பென்றால் இரண்டு நாள் மொட்டை மாடியில் விரிக்கச் சொல்லுங்கள்.

ஸ்பிரிட்டைச் சாய்த்து ஊற்றுவது தனித் தவறு. அது அடிவரை இறங்கி, இழையைப் பிடித்திருக்கும் லேடெக்ஸ் பசையை இளக்கும். கொஞ்ச நாளில் அந்த இடம் உப்பிக்கொண்டு நிற்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல் போட்டு எண்ணெய்க் கறை எடுப்பது இதைவிட மோசம். தீப்பிடிக்கும் ஆபத்து போதாதென்று வாடையும் அறையை விட்டுப் போகாது.

இழை என்னவென்று தெரியாமல் மருந்தைத் தொடுவதுதான் பாதித் தகராறுக்குக் காரணம். அடிப்பக்க ஓரத்தில் ஒரு நூலை உருவி, எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கும் நாற்றம் வந்து, சாம்பல் நசுக்கினால் பொடியானால் கம்பளி. மெழுகு போல உருகி கெட்டி மணியாக இறுகினால் பாலிபுரொப்பிலீன் போன்ற செயற்கை இழை. காகிதம் எரியும் வாசமும் மெல்லிய சாம்பலும் என்றால் பருத்தி, சணல் அல்லது மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ். ராமநாதபுரம் கரையோரத்தில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த பளபளக்கும் விரிப்பைப் பலர் பட்டு என்றே நினைத்திருப்பார்கள். கொளுத்திப் பார்த்தால் விஸ்கோஸாக இருக்கலாம். அதில் தண்ணீர் ஏறினால் மஞ்சளிக்கும், இழை படுத்துவிடும். மெஷினை இறக்குமுன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

கம்பளியில் பிளீச்சிங் பவுடர் கரைசல் போட்டால் கறையோடு கம்பளியும் கரையும். பெருநாளுக்கு முந்தின இரவில் சிந்தும் மருதாணியும் கம்பளிக்குப் பகைதான். கையையும் தலைமுடியையும் சிவக்க வைக்கும் லாசோன் என்ற பொருள், கெரட்டின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், கம்பளியும் கெரட்டின்தான். ஒரு மணி நேரம் ஊறிவிட்டால் அதைக் கறை என்று சொல்வதைவிடச் சாயம் என்று சொல்வதே பொருத்தம். நைலானிலும் கிட்டத்தட்ட அதே கதை. பாலிபுரொப்பிலீன் என்றால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம்.

வெற்றிலைச் சாற்றில் ஏற்கெனவே சுண்ணாம்பு இருக்கிறது. அதன்மேல் சலவைத்தூள் போட்டால் காரத்துக்கு மேல் காரம், சிவப்பு இன்னும் ஆழமாகும். வினிகரிலோ சிட்ரிக் ஆசிட் கரைசலிலோ தொடங்குங்கள். மீன், ரத்தம், முட்டை, பால் பட்ட இடத்தில் வெந்நீர் கூடாது. அங்கேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். மீன் கவிச்சிக்கு வாசனைத் திரவியம் எதற்கு? குழம்பில் புளி செய்கிற வேலையை இங்கே வினிகர் செய்யும்.

பீரோ கால் துருக் கறைக்கு பிளீச்சிங் போட்டால் துரு இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸாலிக் ஆசிட் 5 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, சில நிமிடம் ஒற்றி, இரண்டு முறை அலசி உறிஞ்சுங்கள். அது விஷம், பிள்ளைகள் தவழும் வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். பிளீச்சிங் கரைசலும் எந்த ஆசிடும் ஒரே வாளியில் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

இனி தண்ணீர். இந்தக் கரையோரத்தில் கறையை விடப் பெரிய தலைவலி இதுதான். உப்பேறிய போர் தண்ணீரில் ஷாம்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் ரெண்டு மூடி ஊற்றுவார்கள். அந்தப் பிசுக்கு இழையிலேயே தங்கி, இரண்டே வாரத்தில் புழுதியை இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் இருந்த உப்போ காயும்போது கார்பெட்டிலேயே நின்றுவிடும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே நீர்த்துப்போகும், கடலுப்பு அதற்கும் முன்னாலேயே ஈரம் வாங்கும். கழுவி நாலு நாளாகியும் காயவில்லையே என்று வாடிக்கையாளர் கூப்பிடுவது இதனால்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். முதல் அலசலுக்கு எந்தத் தண்ணீரை எடுத்தாலும், கடைசி அலசல் குடிதண்ணீரில் இருக்க வேண்டும். அந்தக் குடங்களுக்கான காசையும் கூலியோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ராமேஸ்வரம் லாட்ஜ்களில் இது இரட்டிப்பு. அக்னி தீர்த்தக் கடலில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியோடு வருகிறவர்கள் உப்பையும் மணலையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். அங்கே எடுத்த எடுப்பில் ஷாம்பு போட்டால் மணல் சேறாகும். நன்றாகக் காயவிட்டு, ஒரே இடத்தில் நாலு திசையிலும் வாக்குவம் போட்டு, பிறகு வெறும் நல்ல தண்ணீரால் உப்பை அலசி உறிஞ்சிய பின்புதான் சோப்பு.

போன கறை மறுநாள் அதே இடத்தில் எழுந்து நின்றால் தொழிலாளி ஏமாற்றிவிட்டதாகவே பேச்சு வரும். விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதைப் போல, காயும் இழை அடியில் தங்கிய அழுக்கை நுனிக்கு இழுக்கிறது. தண்ணீரைக் குறையுங்கள். ஒரு முறை நனைத்தால் மூன்று முறை வெறுமனே உறிஞ்சுங்கள். டீ, காபி கறை இருந்த இடத்தில் வெள்ளைத் துண்டை நாலாக மடித்து வைத்து, பாலித்தீன் சுற்றிய செங்கலை ஏற்றி இரவு முழுக்க விட்டால், எழும்புகிற கறை துண்டுக்குப் போய்விடும். சணல் அடிப்பாகம் உள்ள விரிப்பு அதிகம் நனைந்தால் பழுப்பேறும், சிட்ரிக் ஆசிட் கரைசல் லேசாகத் தெளித்து ஒற்றலாம்.

பள்ளிவாசல் வேலையை இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு தொடங்கும் வழக்கம் உண்டு. இரவுக் காற்றின் ஈரத்தில் அது விடியற்காலைத் தொழுகையான ஃபஜ்ருக்குள் காயாது. ஃபஜ்ர் முடிந்ததும் தொடங்கி, அன்றைக்கு முடியும் அளவு வரிசைகளை மட்டும் எடுத்து, ஃபேனைத் தரைமட்டத்தில் வைத்து நண்பகல் தொழுகையான லுஹருக்குள் காயவைப்பது மேல். வியாழன் வேண்டாம், மறுநாள் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகையான ஜும்ஆ. ஐப்பசி, கார்த்திகையில் முழு அலசலே வேண்டாம் என்று சொல்வது நேர்மையான வியாபாரம்.

விலை பேசுமுன் பகல் வெளிச்சத்தில், வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். “புதுசு மாதிரி ஆக்கிடுவோம்” என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது. “லாத்தா, இது போகும். இந்த டீ மங்கும், முழுசாப் போகாது. இது கறையே இல்ல, பாத்ரூம் ஆசிட் தெறிச்சு நிறம் போயிருக்கு” என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிப் போட்டோ எடுத்து, பில்லிலும் அதே மூன்று வார்த்தையை எழுதுங்கள்: போகும், மங்கும், போகாது. வாசலிலிருந்து சோபா வரை மங்கிய நடைபாதை பெரும்பாலும் மணல் அறுத்த இழை; அழுக்கு போனாலும் பளபளப்பு வராது. முன்பு வேறு யாராவது என்ன ஊற்றினார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். கூச்சப்பட்டு மறைப்பார்கள், இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும்.

கிளம்பும்போது மேஜை, பீரோ கால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் துண்டு செருகி, முழுக்கக் காயும்வரை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கறை மேலே எழும்பினால் தாங்களே தண்ணீர் ஊற்றித் தேய்க்காமல் மூன்று நாளுக்குள் கூப்பிடச் சொல்லுங்கள். அந்த வருகைக்குக் காசு வாங்காதீர்கள்.